எட்டு ஆண்டு விதையும் ஒரு தீக்குச்சியும்

செம்பூரில் எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. மும்பைத் தமிழர் வீட்டில் இது அதிசயமில்லை. தாராவியில் பெயின்ட் டப்பாவில் வளரும். மாட்டுங்காவில் பழைய கட்டடங்களின் ஜன்னல் கிரில்லுக்குள் வளரும். ஊரிலிருந்து திரும்பும்போது கன்றை ஈரத்துணியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர்களை எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை தாளிப்புக்கு இரண்டு இணுக்கு கிள்ளப் போனேன். கொழுந்தின் மேல் காக்கை எச்சம். துடைத்துப் போடத் துணியை எடுத்தேன். எச்சம் நகர்ந்தது.

குனிந்து பார்த்தால் புழு. கறுப்பும் வெள்ளையும் கலந்து, ஈரமாகப் பளபளக்கும் உடம்பு. பறவை கொத்தாமலிருக்க அது போட்டிருந்த வேஷம் அப்படி. சில நாட்களில் அந்தத் தோலை உரித்துவிட்டு இலைப்பச்சைக்கு மாறியது. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல இரண்டு செந்நிறக் கொம்புகளை நீட்டும். எலுமிச்சைத் தோல் அழுகியது போல ஒரு வாடை கிளம்பும். அப்புறம் ஒருநாள் காணவில்லை. தேடிப் பார்த்தால், மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன் இடுப்புப் பட்டையில் சாய்ந்து நிற்பது போல, ஒற்றைப் பட்டு நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்டில் சாய்ந்து கூட்டுப்புழுவாகிவிட்டிருந்தது. அதற்குள்ளிருந்து வந்தது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. செடி மொட்டை. அந்த மாதம் முழுக்கக் கறிவேப்பிலையை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கினேன். வருத்தப்படவில்லை.

இந்தப் பூச்சிக்கு ஒரு பெரிய பங்காளி உண்டு. நீல மார்மன். வெல்வெட் கறுப்பில் நீலம் தெளித்த இறக்கை. நம் நாட்டின் பெரிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று. 2015ல் மகாராஷ்டிரா அதைத் தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவித்த முதல் மாநிலம் அதுதான். நான்கு ஆண்டு கழித்து, 2019ல், தமிழ்நாடு தமிழ் மறவனைத் தேர்ந்தெடுத்தது. நீல மார்மனின் புழுவுக்கும் எலுமிச்சைக் குடும்பத்து இலைதான் சாப்பாடு. எங்கள் தொட்டியில் கறிவேப்பிலை. காட்டில் மாகட்லிம்பு என்று மராத்தியர் சொல்லும் குரங்கு எலுமிச்சை. அந்தக் காடு எங்கள் வீட்டிலிருந்து சில ஸ்டேஷன் தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அதன் ஏதாவது ஒரு சரிவு எரிகிறது.

மரம் எரிந்ததா, சிறுத்தை தப்பியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். தண்டில் நூல் கட்டித் தொங்கிய அந்த உயிர் என்ன ஆனது என்று கேட்க ஆள் இல்லை. இந்தக் கட்டுரை அதைக் கேட்பதற்காக.

டிசம்பரில் வந்த தீ

போரிவிலி நேஷனல் பார்க் என்று நாம் சொல்லும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 103 சதுர கிலோமீட்டர். மும்பைக்கும் தாணேவுக்கும் நடுவில், நாலாபுறமும் கட்டடங்கள் நெருக்க, ஒரு பச்சைத் தீவு. உள்ளே கன்ஹேரி பௌத்தக் குகைகள் இருக்கின்றன. 1860ல் கட்டி முடித்த விஹார் ஏரியும் 1879ல் கட்டிய துளசி ஏரியும் இன்னமும் நகரத்துக்குத் தண்ணீர் தருகின்றன. தெற்கே ஒட்டினாற்போல் ஆரே காலனி. பால் பண்ணைக்காக ஒதுக்கிய நிலம். இன்று அது பாதி மேய்ச்சல், பாதி காடு. வார்லி முதலான ஆதிவாசிகளின் 27 பாடாக்கள், அதாவது குடியிருப்புகள், அங்கே இருக்கின்றன.

2018 டிசம்பர் 3 மாலை, கோரேகாவ் கிழக்கில், ஐ.டி. பார்க்குக்குப் பின்னாலிருக்கும் மலைச்சரிவில் தீ பற்றியது. இருட்டிய பிறகு கோட்டின் மேல் கோடாக நெருப்பு மலையேறியது. அடுக்குமாடி பால்கனிகளிலிருந்து எடுத்த படங்கள் அன்றிரவே நாடு முழுக்கப் பரவின. சரிவில் தீயணைப்பு வண்டி ஏற முடியாது. வனத்துறை ஆட்களும் உள்ளூர்க்காரர்களும் பச்சைக் கிளையை ஒடித்து அடித்துத்தான் அணைக்க வேண்டியிருந்தது. காட்டுத்தீக்கு உலகத்தின் பழைய ஆயுதம் அதுதான். இன்றும் பெரும்பாலும் அதுதான்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். டிசம்பர் 3. வனத்துறையின் தீக்காலம் பிப்ரவரி நடுவில்தான் தொடங்கும். அதற்கு இரண்டரை மாதம் முன்பே சரிவு எரிந்துவிட்டது.

மராத்தியில் காட்டுத்தீக்கு 'வணவா' என்று பெயர். வணவா தானாக வருவதில்லை. மின்னல் விழுந்து பற்றும் காடுகள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இடியும் மின்னலும் வருவதே மழையோடுதான். இங்கே தீ மனிதன் கையிலிருந்து வருகிறது. இளம்புல் துளிர்க்கட்டும் என்று காய்ந்த புல்லைக் கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தேனெடுக்கப் போகிறவரின் பந்தம் நழுவும். குடித்துவிட்டு எறிந்த பீடி பற்றும். நிலத்தைச் சுத்தமாக்கிக் கைப்பற்ற நினைப்பவர்கள்தான் கொளுத்துகிறார்கள் என்ற சந்தேகம் ஆரேவாசிகளிடம் நீண்டகாலமாக இருக்கிறது. மரமில்லாத சரிவுக்கு நகரத்தில் விலை அதிகம் என்பது நமக்கும் தெரியும்.

பழி வழக்கமாக ஆதிவாசிகள் மேல் விழும். கொங்கணத்தில் 'ராப்' என்று ஒரு முறை உண்டு. நெல் நாற்றங்காலுக்காக ஒதுக்கிய சிறு துண்டு நிலத்தில் சருகும் சாணமும் கிளையும் பரப்பி, மழைக்கு முன்னால் எரித்து, அந்தச் சாம்பலில் விதைப்பார்கள். களை முளைக்காது; நாற்று திடமாக வரும். அது வயலில், ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்க எரிக்கும் தீ. அதையும் மலை முழுவதும் ஓடும் வணவாவையும் ஒரே சொல்லால் குற்றம் சாட்டுவது அநியாயம். தீ வந்தால் முதலில் வீடு போவதும் அவர்களுக்குத்தான், கிளையோடு முதலில் ஓடுவதும் அவர்கள்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் குரங்கணி நினைவுக்கு வரும். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். புல்வெளிச் சரிவில் ஓடிய தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லும் சரிவும் காற்றும் சேர்ந்தால் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அந்த ஒரு பிற்பகல் காட்டியது. நாலு கால் உள்ள மான் ஓடலாம். இறக்கை உள்ளது பறக்கலாம். முட்டையும் கூட்டுப்புழுவும் எங்கே போகும்?

சருகுக்குள் ஒரு ஊர்

ஜனவரியில் தேசியப் பூங்காவில் நடந்தால் காலடியில் தேக்கிலை அப்பளம் போல நொறுங்கும். காடு செத்துக் கிடப்பது போலத் தோன்றும். அந்தச் சருகை இரண்டு கைகளால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருக்கும். வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடும். மரவட்டை சுருளும். சிலந்தி ஒன்று முட்டைப் பையைக் கவ்விக்கொண்டு ஓடும். கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பவை இன்னும் எத்தனையோ.

மாலையில் மட்டும் பறக்கும் ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சி இங்கே உண்டு. நான் அதை மாலைப் பழுப்பன் என்று சொல்லிக்கொள்கிறேன். அதன் புழு புல்லும் நெற்பயிரும் தின்று வளரும். மழைக்காலத்தில் பிறக்கும் தலைமுறைக்கு இறக்கையின் அடிப்பக்கம் வட்ட வட்டமாகக் கண்புள்ளிகள் இருக்கும். வறண்ட காலத்தில் பிறக்கும் தலைமுறைக்கு அந்தப் புள்ளிகள் மறைந்துபோகும். இறக்கை ஓரம் கூர்மையாகி, நடுவில் நரம்பு போல ஒரு கோடு விழுந்து, அச்சு அசலாகக் காய்ந்த இலை. ஒரே இனம், இரண்டு சட்டை. பகல் முழுவதும் சருகோடு சருகாக உட்கார்ந்திருக்கும். மிதிக்கப் போனால்தான் பறக்கும்.

தீ ஓடிய மறுநாள் அந்த இடம் கன்னங்கரேல் என்று ஆகிவிடுகிறது. தப்பிய பூச்சிக்கும் உட்கார இடமில்லை. கறுப்புத் தரையில் பழுப்புச் சட்டை. கரிச்சான் குருவிகள் வந்து பொறுக்கும். தீயின் ஓரத்தில் பறவைகள் கூடுவதைப் பார்த்து உயிர் திரும்பிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அங்கே நடப்பது பந்தி.

மின்மினியை எடுத்துக்கொள்வோம். மே கடைசி, ஜூன் முதலில் மும்பைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக பண்டார்தராவுக்கும் ராஜ்மாச்சிக்கும் 'காஜ்வா' பார்க்கப் போகிறார்கள். காஜ்வா என்றால் மின்மினி. மரம் முழுவதும் ஒரே தாளத்தில் அணைந்து அணைந்து எரியும். அந்த ஒளி சில வார வாழ்க்கை. அதற்கு முந்தைய மாதங்களை அது புழுவாகத் தரையில், சருகின் ஈரத்தில், நத்தை தின்று கழித்திருக்கிறது. மார்ச்சிலோ ஏப்ரலிலோ தரை எரிந்தால் ஜூனில் மரம் இருட்டாக இருக்கும். மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஏமாற்றம் அங்கேதான். இந்தக் காட்டின் தேக்குக்கும் பலாசுக்கும் பட்டை தடிப்பு. தரையோடு ஓடும் தீ அவற்றின் காலைக் கருக்கிவிட்டுப் போகும். அடுத்த மழையில் துளிர்விடும். ஜூலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் பச்சை. தீயா, எப்போது என்று கேட்கத் தோன்றும். மண்ணுக்குள் சில விரற்கடை ஆழத்தில் இருக்கும் எறும்பும் கறையானும்கூடப் பெரும்பாலும் பிழைத்துவிடும். போவது நடு அடுக்கு: புல்தாளில் ஒட்டிய முட்டை, தண்டில் கட்டிய கூடு, சருகடியில் தூங்கிய புழு, உலர்ந்த கிளைக்குள் துளை போட்டு முட்டையிட்ட தனித்தேனீ.

போன இடத்தை யார் பிடிக்கிறார்கள் என்பதும் முக்கியம். உன்னிச்செடி பிடிக்கிறது. தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து அலங்காரத்துக்காக வந்த செடி. எரித்தால் அடியிலிருந்து இன்னும் அடர்த்தியாகக் கிளம்பும். அதன் பூவில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்து நானும் பல ஆண்டு ஏமாந்திருக்கிறேன். தேன் குடிக்க வரும், முட்டையிட வராது. பிள்ளை வளர்க்க ஒவ்வொரு பூச்சிக்கும் அதற்கென்று செடி வேண்டும். சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையும் கொண்ட ரோஜா வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஈஸ்வரமூலி வகைக் கொடி இல்லாமல் முடியாது. அந்தக் கொடியின் நஞ்சைத் தின்றுதான் அவை பறவைகளுக்குக் கசக்கின்றன. கொடி எரிந்து அந்த இடத்தில் உன்னி வந்தால், டீக்கடை இருக்கிறது, குடியிருக்க வீடு இல்லை என்ற நிலைமை.

குருவிகளுக்கும் இதில் பங்கு உண்டு. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். மழை பிடிக்கும் நேரத்தில் காட்டில் கூடு கட்டும் பறவைகள் அந்த நேரத்துப் புழுக்களை நம்பித்தான் முட்டையிடுகின்றன.

குறிஞ்சியின் அக்காள் வீடு

இனி, இந்தக் கட்டுரையை எழுத என்னை உட்காரவைத்த செடிக்கு வருகிறேன்.

நீலகிரிக்குப் பெயர் கொடுத்த குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது. நிலத்துக்கே பூவின் பெயரை வைத்தவர்கள் நாம். அந்தக் குறிஞ்சியின் நேர் உறவு ஒன்று மும்பைக்குள் இருக்கிறது என்பது இங்கே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழருக்கே அதிகம் தெரியாது. மராத்தியில் 'கார்வி'. ஆளுயரத்துக்கு மேல் வளரும் புதர். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் செப்டம்பரில், சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் ஊதாப் பூக்கும். தேசியப் பூங்காவிலும் தாணே பக்கம் யேவூர் மலையிலும் 2008ல் பூத்தது, 2016ல் பூத்தது, 2024ல் பூத்தது.

வார்லி வீட்டுச் சுவர் கார்வியால் ஆனது. குச்சிகளை நெருக்கமாக நிறுத்திக் கட்டி, மண்ணும் சாணமும் பூசி, செம்மண் தீற்றி, அதன்மேல் அரிசி மாவில் வெள்ளைக் கோலம் போல வரைகிறார்கள். உலகம் முழுவதும் விற்கும் வார்லி ஓவியத்தின் பழைய காகிதம் கார்விச் சுவர்தான்.

கார்வி பூக்கும் செப்டம்பரில் மலைத்தேனீக்கள் சரிவை மொய்க்கும். கொடுக்கும் தேன் கறுத்து, கெட்டியாக இருக்கும். எட்டு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் திறக்கும் சந்தை அது. பூத்து முடிந்ததும் செடி செத்துவிடும். ஆனால் விதையை உடனே கொட்டாது. காய்கள் உலர்ந்து, செத்த தண்டிலேயே, குளிர்காலம் முழுவதும் கோடை முழுவதும் நிற்கும். அடுத்த மழையின் முதல் ஈரம் பட்டதும் காய் நீரை உறிஞ்சி 'டப்' என்று வெடிக்கும். ஒன்றல்ல, சரிவு முழுவதும், பொரி பொரிவது போல. விதைகள் தெறித்து ஈர மண்ணில் விழுந்து முளைக்கும்.

கணக்குப் பாருங்கள். எட்டு ஆண்டு சேர்த்த மொத்த விதையும், காய்ந்து சுக்கான தண்டுகளின் உச்சியில், அக்டோபர் முதல் ஜூன் வரை நிற்கிறது. அதே மாதங்கள்தான் வணவாவின் மாதங்கள். காடு தன் எட்டு ஆண்டுச் சேமிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும் கோடை அது. அந்த ஒரு கோடையில் ஒரு சரிவு எரிந்தால் அந்தச் சரிவின் ஒரு தலைமுறை போனது போலத்தான். அதை நம்பிய தேனீக்கும் புழுவுக்கும் அடுத்த எட்டு ஆண்டு என்ன கிடைக்கும்?

2024ல் பூத்த கார்விக்கு அந்தக் கோடை 2025. பிப்ரவரியே கொதித்தது, இந்திய வானிலைத் துறையின் கணக்கில் நாடு கண்ட மிக வெப்பமான பிப்ரவரிகளில் அது முதலிடம். நான் அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் பேப்பரில் தீச்செய்தியைத் தேடினேன். அப்புறம் எதிர்பாராத கை ஒன்று உதவிக்கு வந்தது. மே 26 அன்று பருவமழை மும்பைக்குள் வந்துவிட்டது. வழக்கமான தேதி ஜூன் 11. எழுபத்தைந்து ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. ஸ்டேஷன்களில் தண்ணீர் புகுந்தது, ரயில்கள் நின்றன, நாங்கள் எல்லோரும் திட்டினோம். மலையில் காய்கள் வெடித்துக்கொண்டிருந்திருக்கும்.

பருவம் தப்பிய காலம்

சீக்கிரம் வந்த மழையைக் காலநிலை மாற்றத்தின் நன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆண்டு முந்தும்; இன்னொரு ஆண்டு மே மாதம் பொய்யாக ஒரு மழை பெய்து கூடுகளைத் திறந்துவிட்டு, பிறகு மூன்று வாரம் காயப்போடும். வெளியே வந்த பூச்சி முட்டையிடத் தேடும் கொழுந்து அப்போது இருக்காது. பூச்சிக்கும் செடிக்கும் இடையே இருப்பது கல்யாண முகூர்த்தம் மாதிரியான ஒப்பந்தம். ஒருவர் மட்டும் வந்து நின்றால் காரியம் நடக்காது.

தீயின் பக்கத்திலும் மாற்றம் தெரிகிறது. 2020ல் வானிலைத் துறை பருவமழைத் தேதிகளைத் திருத்தியபோது மும்பையை விட்டு மழை விலகும் நாள் செப்டம்பர் 29லிருந்து அக்டோபர் 8க்கு நகர்ந்தது. மழை தாமதமாக விலகினால் புல் இன்னும் உயரமாக வளர்கிறது. பிறகு வெயில் சட்டென்று ஏறுகிறது. 2022 மார்ச், இந்தியா 122 ஆண்டுகளில் கண்ட மிக வெப்பமான மார்ச். 2023 பிப்ரவரி, பகல் வெப்பத்தில், அதுவரையான பிப்ரவரிகளில் மிக வெப்பமானது. சராசரி வெப்பத்தில் 2025 அதையும் தாண்டியது. அடுப்பில் விறகைக் கூடுதலாக அடுக்கி, சீக்கிரமாகக் காயவைத்து, தீப்பெட்டியை மனிதன் கையில் கொடுத்த மாதிரி.

இந்தியக் காட்டுத்தீயை வானத்திலிருந்து பார்க்க ஏற்பாடு இருக்கிறது. செயற்கைக்கோள் வெப்பத்தைப் பார்த்ததும் இந்திய வன அளவை நிறுவனம் வனத்துறை ஆட்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு, எத்தனையோ தீ சீக்கிரம் அணைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு புள்ளி என்பது 375 மீட்டர். அதற்குள் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸின் ஒரு பெரிய பகுதி அடங்கிவிடும். தீ அணைந்ததும் அறிக்கைக்கு வருவது ஹெக்டேர் கணக்கு. ஹெக்டேரில் கூட்டுப்புழு எண்ணப்படுவதில்லை.

எண்ண முடியாதா? முடியும். 2019-20ல் ஆஸ்திரேலியா எரிந்தபோது முதலில் கோவாலாக்களையும் கங்காருகளையும்தான் உலகம் பார்த்தது. பிறகு அங்குள்ள ஆய்வாளர்கள் உட்கார்ந்து, முதுகெலும்பில்லாத உயிர்களின் வரைபடத்தின்மேல் தீயின் வரைபடத்தை வைத்துப் பார்த்தார்கள். 14,000க்கும் மேற்பட்ட இனங்களின் வாழிடம் தீக்குள் இருந்தது. கங்காரு தீவில் ஒரு பச்சைத் தச்சுத்தேனீ உண்டு. காய்ந்த மரத்தண்டைக் குடைந்து கூடு வைக்கும். எரிந்த காட்டில் அதற்குக் குடைய மரமில்லை. மனிதர்கள் மென்மையான மரத்தண்டுகளை வெட்டிக் கொண்டுபோய் எரிந்த இடத்தின் ஓரத்தில் நட்டுவைத்தார்கள். தேனீ வந்து குடைந்தது. படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

மும்பைக்கு அறிவு இல்லாமல் இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1883ல் இந்த நகரத்தில் தொடங்கியது. காட்டின் ஓரத்திலேயே கோரேகாவில் அதற்குக் கல்வி மையம் இருக்கிறது. ஐசக் கெஹிம்கர் இங்கிருந்துதான் இந்திய வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய தம் புத்தகத்தை 2008ல் தந்தார். ஆரேவில் கண்டுபிடித்த தேள் இனம் ஒன்று ஆரேவின் பெயரையே தன் அறிவியல் பெயராகச் சுமக்கிறது. தாணே கோட்பந்தர் ரோட்டில் ராஜேந்திர ஓவளேகர் தம் குடும்ப நிலத்தில் புழுவுக்கான செடிகளாகப் பார்த்து நட்டு உருவாக்கிய ஓவளேகர் வாடி இன்று வண்ணத்துப்பூச்சித் தோட்டம். தீக்கு முன் இந்தச் சரிவில் என்ன பறந்தது, தீக்குப் பின் எது திரும்பவில்லை என்று எழுதிவைக்க இந்த நகரத்தில் நூறு பேர் கிடைப்பார்கள். வனத்துறை தன் தீ அறிக்கையில் ஒரு பக்கத்தை அவர்களுக்குத் தர வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

தீத்தடுப்புக் கோடு போடும் முறையிலும் ஒரு கேள்வி இருக்கிறது. மராத்தியில் 'ஜாள் ரேஷா' என்பார்கள். தீ தாண்டாமலிருக்கக் காட்டின் குறுக்கே அகலமான பட்டையாகப் புல்லையும் சருகையும் நீக்கிவிடுவது. இப்போது இலை ஊதும் இயந்திரத்தால் ஊதித் தள்ளுகிறார்கள். தேவையான வேலை. ஆனால் எங்கே, எப்போது, எவ்வளவு என்பதில் பூச்சியும் ஒரு காரணமாகக் கணக்கில் வர வேண்டும். ஒரு சரிவு முழுவதையும் ஒரே ஆண்டில் வழிக்காமல், மாறி மாறிப் பட்டைகளாக விட்டால், எரியாத துண்டிலிருந்து எரிந்த துண்டுக்கு உயிர் நடந்து வரும். கார்வி பூத்த மறுகோடையில் மட்டும், அந்தச் சரிவுகளுக்கு இரண்டு மடங்கு காவல் போட்டால் என்ன? எட்டு ஆண்டுக்கு ஒரு கோடைதானே.

குப்பை மேட்டில் முளைத்தது

தாராவி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பாந்த்ரா - சயான் லிங்க் ரோட்டில், மித்தி ஆற்றங்கரையில், மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறதே, 37 ஏக்கர், அது 1977 வரை மும்பையின் குப்பை மேடு. அதை மூடி, மண் போட்டு, மரம் நட்டு, 1994ல் மக்களுக்குத் திறந்தார்கள். பறவை மனிதர் சாலிம் அலிக்கும் அந்த முயற்சியில் பங்கு உண்டு. இன்று அங்கே ஒரு காடு நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய் வண்ணத்துப்பூச்சி பார்க்கிறார்கள். மரத்தை மனிதர் நட்டார்கள். பூச்சியை யாரும் பையில் கொண்டுவரவில்லை. அவை தாமாக வந்தன. எங்கிருந்து வந்தன? பக்கத்து அலையாத்தியிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பால்கனித் தொட்டிகளிலிருந்தும், கடைசியில் அந்த மலைக்காட்டிலிருந்தும்.

அங்கே விழும் இலையைக் கூட்டி எரிப்பதில்லை. மக்கவைக்கிறார்கள். நம் ஹவுசிங் சொசைட்டிகளில்? பிப்ரவரிக் காலையில் மாட்டுங்கா தெருக்களில் நடந்தால் தூங்குமூஞ்சி மரத்தின் சருகைக் குவித்துக் கொளுத்திய புகை மூக்கில் ஏறும். மாநகராட்சி தடை செய்திருந்தும் நடக்கிறது. எரிக்காத இலை பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போகிறது. 2016 ஜனவரியில் தேவனார் குப்பைக்கிடங்கு எரிந்தபோது செம்பூரில் நாங்கள் நாள் கணக்கில் ஜன்னலைத் திறக்கவில்லை. புகை விண்வெளிப் படத்திலேயே தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அந்தக் கிடங்குக்குப் போய்ச் சேரும் பைகளில் நம் தெரு மரங்களின் இலையும் இருக்கிறது.

அதே தூங்குமூஞ்சி மரங்கள் பத்து ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போயின. மாவுப்பூச்சி. இலையடியில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டிச் சாறு உறிஞ்சியது. பூச்சியைக் குற்றம் சொன்னோம். மரத்தின் காலைச் சுற்றிக் கழுத்துவரை சிமென்ட் போட்டது நாம். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு வந்து தங்க ஒரு புல் முளைக்க இடம் விடாததும் நாம். பூச்சியே இல்லாத நகரம் என்று ஒன்று கிடையாது. தின்னும் பூச்சி போய், தின்னப்படாத பூச்சி மட்டும் மிஞ்சிய நகரம் உண்டு.

சொசைட்டி கூட்டத்தில் இந்த ஆண்டு நான் ஒரு கோரிக்கை வைத்தேன். காம்பவுண்டின் பின்மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஆறடிக்கு ஆறடி இடத்தில் இலையைக் கூட்டாமல் விட வேண்டும். பாம்பு வரும் என்றார்கள். கொசு வரும் என்றார்கள். சருகில் தண்ணீர் தேங்காது, கொசு முட்டையிட மாடியில் மூடாத டிரம்மும் பூந்தொட்டித் தட்டும் இருக்கின்றன என்று காட்டினேன். ஒரு கோடைக்கு மட்டும் விட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. மூலையில் இப்போது முழங்கால் அளவுக்குச் சருகு. போன வாரம் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு காய்ந்த இலை, காற்றே இல்லாத நேரத்தில், எழுந்து பறந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் எது இலை, எது பூச்சி என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

யேவூர்ச் சரிவில் 2025 மழைக்கு முளைத்த கார்விக் கன்றுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. 2032ல் பூக்கும். மும்பைவாசிகள் பஸ் பிடித்துப் போய்ப் படம் எடுப்போம். விதை தண்டில் நிற்கப்போவது அதற்கடுத்த கோடையில், 2033 பிப்ரவரி முதல் ஜூன் வரை, படம் எடுக்க ஒன்றுமில்லாத மாதங்களில்.